'இஃப்' எங்கே, 'வெதர்' எங்கே? ஆங்கில இணைப்புச் சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் ஓரளவு நன்றாக எழுதுகிறவர்கள்கூட இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கும் இடத்துக்கு வந்ததும் தயங்கி நிற்கிறார்கள். சொல் தெரியாமல் இல்லை. ஒன்றுபோலவே தெரியும் இரண்டு மூன்று சொற்களில் எதை எடுப்பது என்பதுதான் சிக்கல். தமிழில் இந்த வேலையைப் பெரும்பாலும் வினையின் விகுதியே முடித்துவிடும்: வந்தால், வந்தாலும், வந்தும், வந்ததால், வரும்வரை. ஒரே வினை, ஐந்து விதமான இணைப்பு. ஆங்கிலத்தில் அதற்கென்று தனிச்சொல் ஒன்று முன்னால் வந்து நிற்க வேண்டும். ஆகவே எந்தச் சொல் என்று தடுமாறும்போது, அதே விஷயத்தைத் தமிழில் சொல்லிப் பார்த்து விகுதியைக் கவனியுங்கள். பல இடங்களில் விடை அங்கேயே இருக்கும். சில இடங்களில் தமிழே நம்மைத் தப்பான பக்கம் தள்ளிவிடும், அவற்றையும் சொல்லியிருக்கிறேன். ஆங்கில எடுத்துக்காட்டுகள் எல்லாம் தமிழ் எழுத்தில்தான். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

'இஃப்', 'வெதர்' இரண்டும் ஒன்றுதானா?

பாதி இடங்களில் ஒன்று, மீதி இடங்களில் இல்லை.

'அவர் வந்தால் சொல்' என்பது நிபந்தனை. அங்கே 'இஃப்' மட்டும்தான். 'அவர் வருகிறாரா என்று கேள்' என்பது கேள்வியை உள்ளே அடக்கிய வாக்கியம். அங்கே "ஆஸ்க் ஹிம் இஃப் ஹி இஸ் கமிங்" என்றும் சொல்லலாம், "ஆஸ்க் ஹிம் வெதர் ஹி இஸ் கமிங்" என்றும் சொல்லலாம். முன்னது பேச்சுக்கு இயல்பு, பின்னது எழுத்துக்குப் பொருத்தம். தமிழில் '-ஆல்' வந்தால் 'இஃப்', '-ஆ என்று' வந்தால் 'வெதர்' என்று வைத்துக்கொண்டால் ஒருபோதும் தப்பாகாது.

'வெதர்' மட்டுமே செல்லும் இடங்களும் உண்டு. 'ஆன்', 'அபவுட்' போன்ற முன்னிடைச் சொற்களுக்குப் பின்னால்: "இட் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் ஹி அக்ரீஸ்". 'டு' சேர்ந்த வினைக்கு முன்னால்: "ஐ காண்ட் டிசைட் வெதர் டு கோ". அந்தப் பகுதியே வாக்கியத்தின் எழுவாயாக முதலில் வரும்போது: "வெதர் ஹி வில் அக்ரீ இஸ் நாட் க்ளியர்". இந்த மூன்றிலும் 'இஃப்' போட்டால் காதுக்கே இடறும்.

இரண்டும் இலக்கணப்படி சரியாக இருந்தும் பொருள் மாறிவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அலுவலக மின்னஞ்சல்களில் இது தினமும் நடக்கிறது. "லெட் மி நோ இஃப் யூ நீட் எ ரூம்" என்று எழுதுகிறீர்கள். படிப்பவர் இதை 'அறை தேவைப்பட்டால் சொல்லுங்கள்' என்று எடுத்துக்கொள்ளலாம். தேவையில்லை என்றால் பேசாமல் இருந்துவிடுவார். அல்லது 'தேவையா இல்லையா என்று சொல்லுங்கள்' என்று எடுத்துக்கொண்டு பதில் போடலாம். பதில் வராதவர்களுக்கு அறை வேண்டாமா, அவர்கள் மின்னஞ்சலையே பார்க்கவில்லையா என்று உங்களுக்குத் தெரியாது. எப்படியும் பதில் வேண்டும் என்றால் 'வெதர்' போடுங்கள். "லெட் மி நோ வெதர் யூ நீட் எ ரூம்" என்பதற்கு ஒரே பொருள்தான்.

'வெதர்' என்றாலே 'ஆர் நாட்' சேர்க்க வேண்டுமா?

வேண்டாம். 'வருகிறாரா' என்று கேட்டாலே 'இல்லையா' அதில் அடங்கிவிடுகிறது. ஆனால் 'வந்தாலும் வராவிட்டாலும்' என்ற பொருளில் கட்டாயம் வேண்டும்: "வி வில் ஸ்டார்ட் வெதர் ஆர் நாட் ஹி கம்ஸ்". இதில் 'ஆர் நாட்' என்பதை எடுத்துவிட்டால் வாக்கியம் நொண்டும்.

'அன்லெஸ்' வந்தால் வினையில் 'நாட்' வரக்கூடாது என்கிறார்கள். ஏன்?

'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே எதிர்மறை இருக்கிறது. "அன்லெஸ் யூ டோன்ட் பே, தே வில் கட் த லைன்" என்று எழுதினால், 'நீங்கள் பணம் கட்டாமல் இருந்தாலொழிய இணைப்பைத் துண்டிப்பார்கள்' என்று ஆகிவிடும். அதாவது கட்டினால் துண்டிப்பார்கள். சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நாம் மனதில் 'கட்டாவிட்டால்' என்று நினைத்துக்கொண்டு அதன்மேல் 'அன்லெஸ்' போடுகிறோம். 'கட்டாவிட்டால்' என்பதற்கு நேரான ஆங்கிலம் 'இஃப் யூ டோன்ட் பே'. 'அன்லெஸ்' என்பதற்கு நேரான தமிழ் 'கட்டினாலொழிய'. கவனியுங்கள், 'ஒழிய' வரும்போது தமிழிலும் வினை உடன்பாட்டில்தான் இருக்கிறது. 'கட்டாவிட்டாலொழிய' என்று நாம் யாரும் சொல்வதில்லை. "அன்லெஸ் யூ பே" என்பதும் அதே கணக்குதான்.

அப்படியானால் 'இஃப் நாட்' வரும் இடத்தில் எல்லாம் 'அன்லெஸ்' போடலாமா என்றால், அதுவும் முடியாது. 'அன்லெஸ்' ஒரு விதிவிலக்கைச் சொல்லும் சொல். 'அவர் வராவிட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்' என்பதை "ஐ வில் பி சர்ப்ரைஸ்ட் இஃப் ஹி டஸன்ட் கம்" என்றுதான் சொல்ல வேண்டும். "ஐ வில் பி சர்ப்ரைஸ்ட் அன்லெஸ் ஹி கம்ஸ்" என்றால், 'நான் எப்போதும் ஆச்சரியத்தில்தான் இருப்பேன், அவர் வந்தால் மட்டும் தெளிவேன்' என்பதுபோல ஆகிவிடும். தமிழிலும் 'அவர் வந்தாலொழிய ஆச்சரியப்படுவேன்' என்று சொல்லிப் பாருங்கள், அதே கோணல் தெரியும்.

"அன்டில் ஹி டஸ் நாட் கம்" என்று எழுதியதைத் தப்பு என்று அடித்துவிட்டார்கள். 'வராத வரை' என்பதற்கு அதுதானே ஆங்கிலம்?

இல்லை. தமிழில் இரண்டு வடிவம் இருக்கிறது: 'வரும்வரை', 'வராதவரை'. 'அவர் வரும்வரை காத்திரு' என்றால் ஒரு முடிவுப் புள்ளி: அவர் வருகிறார், காத்திருப்பது முடிகிறது. இதுதான் 'அன்டில்': "வெய்ட் அன்டில் ஹி கம்ஸ்". 'அவர் வராதவரை நமக்குக் கவலையில்லை' என்றால் ஒரு நிலை நீடிக்கும் காலம் முழுவதும். இதற்கு 'ஆஸ் லாங் ஆஸ்': "ஆஸ் லாங் ஆஸ் ஹி டஸன்ட் கம், வி ஹேவ் நோ வொரி".

இரண்டுக்கும் தமிழில் 'வரை' பொதுவாக இருப்பதால்தான் கை தானாக 'அன்டில்' பக்கம் போகிறது. 'அன்டில்' பகுதிக்குள் 'நாட்' எழுதப் போகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். பெரும்பாலும் ஒன்று 'நாட்' தேவையிருக்காது, இல்லையென்றால் 'அன்டில்' தேவையிருக்காது.

'அன்டில்' படும் இன்னொரு பாடு, கெடு நாளைச் சொல்லும்போது. "சப்மிட் த ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமை வரை திரும்பத் திரும்பச் சமர்ப்பித்துக்கொண்டே இரு என்று பொருள் வரும். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் 'பை ஃப்ரைடே'. '-வரை' என்றால் 'அன்டில்', '-க்குள்' என்றால் 'பை'. முழு வாக்கியமாக 'அவர் வருவதற்குள்' என்று வந்தால் 'பை த டைம் ஹி கம்ஸ்'.

'டில்' என்பது 'அன்டில்' சுருங்கி வந்ததா?

அப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 'டில்'தான் மூத்தது. 'அன்டில்' பின்னால் வந்தது. பொருள் ஒன்றே. முறையான எழுத்தில், அதுவும் வாக்கியத்தின் தொடக்கத்தில், 'அன்டில்' அதிகம் வரும். எழுத்துக்கூட்டலில் மட்டும் ஒரு கண் வையுங்கள்: 'டில்' என்பதில் கடைசியில் இரண்டு 'எல்', 'அன்டில்' என்பதில் ஒன்று.

"வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்" என்பதில் என்ன பிழை? நடக்கப்போவதுதானே?

நடக்கப்போவதுதான். ஆனாலும் 'வென்', 'இஃப்', 'அன்டில்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அன்லெஸ்', 'ஆஸ் சூன் ஆஸ்' ஆகியவை காலத்தையோ நிபந்தனையையோ சொல்லும்போது, அந்தப் பகுதிக்குள் 'வில்' வராது. "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்" என்பதே சரி. எதிர்காலத்தை முதன்மை வாக்கியம் சொல்லிவிடுகிறது, இன்னொரு முறை வேண்டாம் என்பது ஆங்கிலத்தின் வழக்கம்.

இதை விசித்திரமாக நினைக்க நமக்கு உரிமையில்லை. நாளை நடக்கப்போவதற்கு நாம் என்ன சொல்கிறோம்? 'அவர் வந்தால் சொல்கிறேன்', 'வந்ததும் சொல்கிறேன்'. 'வந்த்' என்பது இறந்தகால அடி! ஆங்கிலமாவது நிகழ்காலத்தோடு நிறுத்திக்கொண்டது.

ஒரு விலக்கு: 'எப்போது வருவார் என்று தெரியாது' என்பதில் 'வென்' கேள்விச் சொல். அங்கே 'வில்' வரலாம்: "ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்".

'பிகாஸ்', 'சின்ஸ்', 'ஆஸ்' மூன்றும் காரணம்தான் சொல்கின்றன. எதை எடுப்பது?

சந்தேகம் என்றால் 'பிகாஸ்' எடுங்கள். அதற்கு வேறு பொருளே கிடையாது.

நுணுக்கம் வேண்டுமானால் இப்படிப் பிரிக்கலாம். கேட்பவருக்குத் தெரியாத, இப்போதுதான் நீங்கள் சொல்லப்போகும் காரணம் என்றால் 'பிகாஸ்'. இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்த காரணம் என்றால் 'சின்ஸ்' அல்லது 'ஆஸ்': "சின்ஸ் யூ நோ த வே, யூ டிரைவ்". 'வழிதான் உனக்குத் தெரியுமே, நீயே ஓட்டு' என்ற தொனி. அந்த 'தான்... உமே' வேலையைத்தான் 'சின்ஸ்' செய்கிறது. 'ஏன்' என்ற கேள்விக்குப் பதிலாகத் தனித்து நிற்கக்கூடியது 'பிகாஸ்' மட்டுமே. "வொய்?" என்று கேட்டவரிடம் "சின்ஸ் ஐ வாஸ் டயர்ட்" என்று ஆரம்பித்தால், வாக்கியம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று அவர் காத்திருப்பார்.

மற்ற இரண்டிலும் உள்ள தொல்லை, அவை காலத்தையும் சொல்லும் என்பது. "சின்ஸ் ஹி லெஃப்ட், த டீம் ஹாஸ் பீன் கொய்ட்" என்றால் அவர் போனதிலிருந்தா, போனதாலா? "ஆஸ் ஷி வாஸ் லீவிங், ஐ லாக்ட் த டோர்" என்றால் அவள் கிளம்பும்போதா, கிளம்பியதாலா? தமிழில் 'போனதிலிருந்து', 'போனதால்' என்று விகுதி பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் படிப்பவரே ஊகிக்க வேண்டும். நீங்கள் எழுதியது இரண்டு விதமாகவும் படிக்க வருகிறது என்றால், காரணத்துக்கு 'பிகாஸ்', நேரத்துக்கு 'வைல்' அல்லது 'எவர் சின்ஸ்' என்று மாற்றிவிடுங்கள்.

'சின்ஸ்' பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன்: "சின்ஸ் டூ இயர்ஸ்" என்பது பிழை. 'இரண்டு வருடமாக' என்றால் 'ஃபார் டூ இயர்ஸ்'. '2020-லிருந்து' என்றால் 'சின்ஸ் 2020'.

"ஹி டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஆஃப் த சாலரி" என்ற வரிக்கு இரண்டு பொருள் சொல்கிறார்களே?

ஆமாம், உண்மையிலேயே இரண்டு பொருள் இருக்கிறது. ஒன்று: சம்பளத்தை நினைத்து அவர் வேலையை விடவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறார். மற்றொன்று: அவர் வேலையை விட்டுவிட்டார், ஆனால் சம்பளத்துக்காக விடவில்லை, வேறு காரணம். 'நாட்' என்பது வினையை மறுக்கிறதா, காரணத்தை மறுக்கிறதா என்பதில் தெளிவில்லை.

பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் காப்பாற்றிவிடும். எழுத்தில் கமா ஓரளவு உதவும்: 'பிகாஸ்'-க்கு முன் கமா போட்டால் முதல் பொருள் பக்கம் சாயும். ஆனால் கமாவை நம்பி முக்கியமான கடிதத்தை அனுப்புவது எனக்கு உவப்பில்லை. காரணத்தை முன்னால் கொண்டுவாருங்கள்: "பிகாஸ் ஆஃப் த சாலரி, ஹி டிட் நாட் ரிசைன்". இனிக் குழப்பமில்லை. இரண்டாவது பொருள் வேண்டுமானால் வாக்கியத்தையே மாற்றுங்கள்: "ஹி ரிசைன்ட், பட் நாட் பிகாஸ் ஆஃப் த சாலரி".

'பிகாஸ்'-க்குப் பின் முழு வாக்கியம், 'பிகாஸ் ஆஃப்'-க்குப் பின் பெயர்ச்சொல் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். "த ரீசன் இஸ் பிகாஸ்" என்பதைப் பேச்சில் எல்லோரும் சொல்கிறார்கள். எழுத்தில் "த ரீசன் இஸ் தட்" என்று போட்டால் திருத்துபவருக்கு வேலை குறையும்.

'ஆல்தோ' என்று தொடங்கினால் 'பட்' ஏன் வரக்கூடாது?

இரண்டு பகுதிகளைச் சேர்க்க ஆங்கிலத்தில் ஒரு இணைப்பு போதும். "ஆல்தோ இட் வாஸ் லேட், பட் வி வெய்ட்டட்" என்பதில் இரண்டு இணைப்புகள். "ஆல்தோ இட் வாஸ் லேட், வி வெய்ட்டட்" அல்லது "இட் வாஸ் லேட், பட் வி வெய்ட்டட்", இரண்டில் ஒன்று. 'பிகாஸ்... சோ' என்ற ஜோடிக்கும் இதே தீர்ப்பு.

தமிழ்ப் பேச்சில் 'நேரம் ஆனாலும்கூட, ஆனாலும் காத்திருந்தோம்' என்றோ, 'ஏன்னா மழை பெஞ்சுதா, அதனால வரல' என்றோ இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுவது சகஜம். அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்கும் வருகிறது. அழுத்தம் கட்டாயம் வேண்டும் என்றால் 'ஸ்டில்' சேர்க்கலாம், அது இணைப்புச் சொல் அல்ல: "ஆல்தோ இட் வாஸ் லேட், வி ஸ்டில் வெய்ட்டட்".

'ஈவன் தோ', 'ஈவன் இஃப்': என்ன வித்தியாசம்?

இங்கே தமிழின் '-ஆலும்' நம்மைக் கவிழ்க்கிறது. 'மழை பெய்தாலும் போனேன்', 'மழை பெய்தாலும் போவேன்' இரண்டிலும் ஒரே 'பெய்தாலும்'. முன்னதில் மழை பெய்தது உண்மை: "ஈவன் தோ இட் ரெயின்ட், ஐ வென்ட்". பின்னதில் பெய்யுமோ பெய்யாதோ தெரியாது: "ஈவன் இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் கோ".

இதைப் பிரிக்கத் தமிழிலேயே ஒரு சோதனை உண்டு. 'பெய்தாலும்' என்பதைப் 'பெய்தும்' என்று மாற்றிப் பாருங்கள். 'மழை பெய்தும் போனேன்' பொருந்துகிறது. 'மழை பெய்தும் போவேன்' ஒட்டவில்லை. 'சொல்லியும் கேட்கவில்லை', 'படித்தும் தேறவில்லை' என்பவை நடந்ததை மட்டுமே சொல்லும். '-தும்', '-யும்' பொருந்தினால் 'ஈவன் தோ'. பொருந்தாவிட்டால் 'ஈவன் இஃப்'. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு எந்த விதியையும்விட இது வேகமாக வேலை செய்யும்.

இதில் தவறினால் சங்கடமும் வரலாம். "ஈவன் தோ யூ ஃபெயில், வி வில் சப்போர்ட் யூ" என்று ஊக்கப்படுத்த எழுதினால், 'நீ தோற்பவன்தான், ஆனாலும் கூட இருக்கிறோம்' என்று போய்ச் சேரும்.

'தோ', 'ஆல்தோ', 'ஈவன் தோ' மூன்றுக்கும் பொருள் ஒன்றே, அழுத்தம்தான் ஏறிக்கொண்டே போகிறது. வாக்கியத்தின் கடைசியில் தனியாக வரக்கூடியது 'தோ' மட்டும்.

'டெஸ்பைட்' கூட இதே வகைதானே?

பொருள் அதே, இலக்கணம் வேறு. 'டெஸ்பைட்', 'இன் ஸ்பைட் ஆஃப்' இரண்டும் இணைப்புச் சொற்களே அல்ல. பின்னால் பெயர்ச்சொல்லோ '-இங்' வடிவமோதான் வரும்: "டெஸ்பைட் த ரெயின்". 'ஆஃப்' சேர்வது 'இன் ஸ்பைட்' என்பதோடு மட்டும். 'டெஸ்பைட் ஆஃப்' கிடையாது.

"ஐ டோன்ட் லைக் நாய்ஸ் அண்ட் டஸ்ட்" சரியா?

வாக்கியம் சரி, பொருள் வழுக்கும். 'எனக்குச் சத்தமும் தூசியும் பிடிக்காது' என்றால் தமிழில் இரண்டுமே பிடிக்காது என்பதில் சந்தேகமில்லை. '-உம் -உம்' என்பதை நாம் உடனே 'அண்ட்' ஆக்குகிறோம். ஆனால் ஆங்கிலத்தில் எதிர்மறைக்குப் பின் 'அண்ட்' வந்தால், 'இரண்டும் சேர்ந்து வந்தால் பிடிக்காது' என்று படிக்கவும் இடமிருக்கிறது. இரண்டுமே கூடாது என்றால் 'ஆர்': "ஐ டோன்ட் லைக் நாய்ஸ் ஆர் டஸ்ட்". உடன்பாட்டில் 'அண்ட்', எதிர்மறையில் 'ஆர்'. தமிழ் பேசுகிறவர்கள் கவனிக்காமலே போகும் விதி இது.

சின்ன விஷயம் என்று தோன்றினால், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தைக் கேளுங்கள். 2018-இல் அங்கே வந்த 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்' சட்டம், போதைப்பொருள் வழக்குகளில் சிலருக்குக் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து விலக்குப் பெறும் வழியை அகலமாக்கியது. நிபந்தனை: முந்தைய குற்றங்கள் பற்றிய மூன்று அம்சங்கள் குற்றவாளியிடம் 'இருக்கக் கூடாது'. அந்த மூன்றையும் சட்டம் 'அண்ட்' போட்டுச் சேர்த்திருந்தது. புல்சிஃபர் என்பவரின் வாதம்: மூன்றும் ஒன்றாக இருந்தால்தானே விலக்கு இல்லை, என்னிடம் மூன்றும் சேர்ந்து இல்லையே. அரசின் வாதம்: மூன்றில் ஒன்று இருந்தாலும் விலக்கு கிடையாது. 2024 மார்ச்சில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அரசின் பக்கம் தீர்ப்பானது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே 'அண்ட்'-ஐத்தான் படித்தார்கள்; மூன்று பேர் வேறு மாதிரி படித்தார்கள். 'நாட்'-க்குப் பின்னால் வரும் 'அண்ட்' அவ்வளவு வில்லங்கமானது.

'ஐதர்... ஆர்', 'நைதர்... நார்' வந்தால் வினை ஒருமையா பன்மையா?

வினைக்குப் பக்கத்தில் இருப்பது எதுவோ அதைப் பார்க்க வேண்டும். "நைதர் த மேனேஜர் நார் த க்ளர்க்ஸ் வேர் தேர்" என்பதில் 'க்ளர்க்ஸ்' பக்கத்தில் இருப்பதால் 'வேர்'. திருப்பிப் போட்டால் "நைதர் த க்ளர்க்ஸ் நார் த மேனேஜர் வாஸ் தேர்". இரண்டாவது வடிவம் சரியாக இருந்தாலும் காதுக்கு உறுத்தும். பன்மையைப் பின்னால் வைத்துவிட்டால் நிம்மதி.

'ஆஸ் வெல் ஆஸ்' என்பதற்கு இந்தக் கணக்கு இல்லை. "த மேனேஜர், ஆஸ் வெல் ஆஸ் த க்ளர்க்ஸ், வாஸ் தேர்" என்பதில் வினை மேனேஜருக்குத்தான் கட்டுப்படும். 'போத்' என்று தொடங்கினால் 'அண்ட்' என்றே முடிக்க வேண்டும், 'ஆஸ் வெல் ஆஸ்' என்று அல்ல.

'லைக்', 'ஆஸ்' இரண்டுக்கும் 'போல' என்றே அகராதி சொல்கிறது.

'போல' என்பது 'லைக்'. 'ஆக' என்பது 'ஆஸ்'. இதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். "ஹி ஸ்போக் லைக் எ லாயர்" என்றால் வக்கீல் போலப் பேசினார், அவர் வக்கீல் இல்லை. "ஹி ஸ்போக் ஆஸ் எ லாயர்" என்றால் வக்கீலாகப் பேசினார், அவர் வக்கீலேதான்.

பின்னால் முழு வாக்கியம் வரும்போதுதான் சண்டை. 'நான் சொன்னதுபோலச் செய்' என்பதற்குப் பழைய விதிப்படி "டூ ஆஸ் ஐ செட்" என்றே வர வேண்டும், "டூ லைக் ஐ செட்" கூடாது. 1954-இல் வின்ஸ்டன் சிகரெட் விளம்பரம் 'ஆஸ்' வர வேண்டிய இடத்தில் 'லைக்' போட்டு வந்தபோது இலக்கணக்காரர்கள் கொதித்தார்கள். விளம்பரக்காரர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடைத்திருக்காது. இன்று பேச்சில் 'லைக்' வென்றுவிட்டது. தேர்விலும் முறையான கடிதத்திலும் 'ஆஸ்', 'ஆஸ் இஃப்' என்றே எழுதுங்கள். நண்பருக்கு எழுதும்போது யாரும் கேட்கப்போவதில்லை.

'சோ', 'சோ தட்', 'இன் கேஸ்', 'லெஸ்ட்': இவற்றை எப்படிப் பிரிப்பது?

'அதனால்' என்றால் 'சோ', அது விளைவு. 'கேட்கும்படி', 'கேட்பதற்காக' என்றால் 'சோ தட்', அது நோக்கம்: "ஷி ஸ்போக் லவுட்லி சோ தட் எவ்ரிஒன் குட் ஹியர்". நோக்கத்துக்கு வரும் 'சோ தட்' பகுதியில் 'கேன்', 'குட்', 'வில்', 'வுட்' போன்ற துணைவினை ஒன்று பெரும்பாலும் கூடவே வரும். அதை வைத்தே அடையாளம் காணலாம்.

'இன் கேஸ்' என்பதை 'இஃப்' என்று நினைப்பவர்கள் அதிகம். "டேக் அன் அம்ப்ரெல்லா இன் கேஸ் இட் ரெயின்ஸ்" என்றால் மழை வந்தாலும் வரலாம், குடையை இப்போதே எடுத்துக்கொள். "டேக் அன் அம்ப்ரெல்லா இஃப் இட் ரெயின்ஸ்" என்றால் மழை பெய்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் வேண்டாம். முன்னதில் முன்னெச்சரிக்கை, பின்னதில் நிபந்தனை.

'லெஸ்ட்' என்பது 'ஆகிவிடாதபடி'. அதற்குள்ளும் எதிர்மறை இருப்பதால் 'நாட்' சேராது. கூட 'ஷுட்' வரும் அல்லது வெறும் வினையடி வரும். இப்போது பழமையாக ஒலிக்கும் சொல். தேர்வில் கேட்பார்கள், வாழ்க்கையில் அதிகம் கேட்க மாட்டார்கள்.

'நோ சூனர்' வந்தால் 'வென்' வருமா 'தேன்' வருமா?

'தேன்'. அதாவது ஒப்பீட்டுக்கு வருமே, டி-ஹெச்-ஏ-என், அது. 'சூனர்' என்பது ஒப்பீட்டு வடிவம், ஆகவே அதன் ஜோடியும் ஒப்பீட்டுச் சொல்தான். "நோ சூனர் ஹேட் ஐ செட் இட் தேன் த ஃபோன் ரேங்" போன்ற வாக்கியத்தில் 'ஹேட்' எழுவாய்க்கு முன்னால் வருவதையும் கவனியுங்கள். 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' இரண்டுக்கும் 'வென்'. 'அப்புறம்' என்ற பொருளில் வருவது டி-ஹெச்-இ-என். ஏ-வுக்கும் இ-க்கும் நடக்கும் இந்த மாற்றம் ஆங்கிலேயர்களையே விடுவதில்லை.

'ஹவெவர்' போட்டு இரண்டு வாக்கியங்களைச் சேர்க்கலாமா?

கமா மட்டும் வைத்துச் சேர்க்க முடியாது. 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' இரண்டும் வினையடைகள், இணைப்புச் சொற்கள் அல்ல. "இட் வாஸ் லேட், ஹவெவர் வி வெய்ட்டட்" என்று கமா போட்டு ஒட்டவைப்பதுதான் நம் அலுவலக ஆங்கிலத்தில் அதிகம் கண்ணில் படும் பிழை. 'லேட்'-க்குப் பின் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்து, 'ஹவெவர்'-க்குப் பின் கமா வையுங்கள். அவ்வளவு சடங்கு வேண்டாம் என்றால் 'பட்' இருக்கவே இருக்கிறது.

'அண்ட்', 'பட்' கொண்டு வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்று பள்ளியில் சொன்னார்களே?

பள்ளியில் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. குழந்தைகளை விட்டால் ஒவ்வொரு வரியையும் 'அண்ட்' என்றே தொடங்குவார்கள். ஆனால் அது இலக்கண விதி அல்ல, எப்போதும் இருந்ததில்லை. 1611-இல் வெளியான ஆங்கில பைபிளின் முதல் அத்தியாயத்தில் வசனத்துக்கு வசனம் 'அண்ட்' என்றுதான் தொடங்குகிறது. இன்றைய செய்தித்தாள்களிலும் 'பட்' என்று தொடங்கும் வாக்கியங்கள் நிறைய. 'ஹவெவர்' என்று கனமாகத் தொடங்குவதைவிட அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. தேர்வுத்தாளில் மட்டும் திருத்துபவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாததால் தவிர்த்துவிடுங்கள். தொடங்கினால் 'பட்'-க்குப் பின்னால் கமா வேண்டாம்.